ஆளாகத் துடித்த ஹாரி: 'நைட் அண்ட் தி சிட்டி' படத்துக்கு ஒரு வக்காலத்து

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கும் பகுதி அது. குறிப்புகள்கூட எடுத்தாயிற்று. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பழைய ஆங்கிலப் படமொன்றை நான்காம் முறையாகப் பார்க்க நேர்ந்தது. மறுநாள் காலை குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தால் கோவலன் வரவில்லை, அந்தப் படத்தின் நாயகன்தான் வந்து நின்றான். பதிப்புப் பொறுப்பில் உள்ள நண்பரிடம் போனில் சொன்னேன். "சார், ஆராய்ச்சி மலர்ல சினிமாவா?" என்று கொஞ்சம் தயங்கினார். "கோவலனும் கையில கொஞ்சம் முதலோட புது ஊருக்கு வந்து மாட்டிக்கிட்டவன்தானேய்யா, இவனும் அந்த ரகம்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பழி அவர் மேல் வேண்டாம் என்பதற்காகவே இதைப் பதிவு செய்கிறேன்.

படம் 'நைட் அண்ட் தி சிட்டி'. 1950 இல் வந்தது. இயக்கியவர் ஜூல்ஸ் டாசின். பெயரைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 1911 இல் பிறந்தவர். ஹாரி ஃபேபியனாக ரிச்சர்ட் விட்மார்க், அவன் காதலி மேரியாக ஜீன் டியர்னி. கதை நடப்பது லண்டனில். படமாக்கப்பட்டதும் அங்கேதான்.

இந்த வகைப் படங்களை 'ஃபிலிம் நுவார்' என்பார்கள். பிரெஞ்சில் 'நுவார்' என்றால் கறுப்பு. போர் முடிந்த கையோடு, 1946 இல், பாரிசுக்கு மொத்தமாக வந்து இறங்கிய அமெரிக்கக் குற்றப் படங்களைப் பார்த்துப் பிரெஞ்சு விமர்சகர்கள் சூட்டிய பெயர். நம்மவர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், எஸ். பாலசந்தர் 1954 இல் எடுத்த 'அந்த நாள்' படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டே இல்லாமல் வந்த படம், சிவாஜி நடித்தது. அந்த நிழலும் சந்தேகமும்தான் நுவாரின் குணம்.

'நைட் அண்ட் தி சிட்டி'யை இன்று பலர் புகழ்கிறார்கள். 2005 இல் டிவிடியாக வந்த பிறகு அதற்கென்று ஒரு வாசகர் வட்டமே உருவாகிவிட்டது. ஆனால் வெளியான காலத்தில் அடி வாங்கியது. நியூயார்க் டைம்ஸில் அந்நாளில் கொடிகட்டிப் பறந்த பாஸ்லி க்ரௌதர், டாசினுக்குத் திறமை இருக்கிறது, அதை ஒன்றுக்கும் உதவாத கதையில் கொட்டிவிட்டார் என்கிற ரீதியில் கடுமையாக எழுதினார். படத்தில் மனசு ஒட்டும்படியாக ஒரு ஆள் இல்லை என்பது குற்றச்சாட்டின் சாரம். லண்டன் பத்திரிகைகளுக்கு வேறு கோபம்: இது எங்கள் லண்டனே அல்ல, அமெரிக்கக்காரன் கற்பனை. இந்த இரண்டு புகாரும் இன்றைக்கும் முழுசாகச் சாகவில்லை. நான்கு வருடத்துக்கு முன் நம் சங்க நூலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். விளக்கைப் போட்டதும் ஒரு மூத்த அன்பர் எழுந்து, "எல்லாம் சரி, இதுல நல்லவன்னு ஒருத்தன் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் காபிக்குப் போய்விட்டார். க்ரௌதர் கேட்டதும் அதேதான். அன்று அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்காக என்றே வைத்துக்கொள்ளலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாரி ஃபேபியன் லண்டனில் பிழைக்கும் அமெரிக்கன். 'சில்வர் ஃபாக்ஸ்' என்ற இரவு விடுதிக்கு ஆள் பிடித்து விடுகிற தரகன். மேரி அதே விடுதியில் பாடுகிறாள். படம் தொடங்கும்போதே ஹாரி ஓடிக்கொண்டிருக்கிறான், பின்னால் ஒருவன் துரத்துகிறான், கொடுக்க வேண்டிய காசு. ஓடி வந்து மேரியின் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் செய்யும் முதல் வேலை அவள் கைப்பையைத் துழாவுவது. அவள் பார்த்துவிடுகிறாள். உடனே ஒரு சிரிப்பு, ஒரு புதுத் திட்டம், இந்த முறை நிச்சயம் என்ற சத்தியம். ஜெரால்ட் கெர்ஷ் 1938 இல் எழுதிய நாவலில் இந்த ஹாரி பெண்களை வைத்துப் பிழைப்பவன், இன்னும் கேவலமானவன். டாசின் அந்த நாவலைப் படிக்காமலேயே படத்தை எடுத்ததாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று என்பது என் கட்சி.

ஹாரி ஒரு நாள் மல்யுத்த அரங்கில் ஒரு சண்டையை ஒட்டுக் கேட்கிறான். லண்டன் மல்யுத்தத் தொழில் முழுவதையும் கைக்குள் வைத்திருப்பவன் கிறிஸ்டோ என்ற கிரேக்கன். அவனுடைய தகப்பனார் கிரகோரியஸ், ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற மல்லர். மகன் நடத்துகிற கூத்தைப் பார்த்து மனம் வெறுத்துப்போய், இது மல்யுத்தமா, கோமாளித்தனமா என்று அவனிடம் சீறிவிட்டு வெளியேறுகிறார். ஹாரிக்குப் பொறி தட்டுகிறது. கிழவருடைய பழைய கிரேக்க ரோமானிய மல்யுத்தத்துக்குத் தானும் உயிரை விடுபவன் போல நடித்து அவரிடம் ஒட்டிக்கொள்கிறான். கிழவர் பக்கம் இருக்கும்வரை மகன் தன்னைத் தொட மாட்டான். அந்த நிழலில் சொந்தமாகப் பந்தயங்கள் நடத்திப் பெரிய ஆளாகிவிடலாம் என்று கணக்கு.

கணக்கு என்று சொன்னேன் அல்லவா, இந்தப் படம் முழுக்கவும் கணக்குதான். ஹாரிக்கு வேண்டியது 400 பவுண்டு. விடுதி முதலாளி ஃபில்லும் அவர் மனைவி ஹெலனும் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கடைசியில் ஃபில், நீ 200 கொண்டு வா, நான் 200 போடுகிறேன் என்கிறார், இவனால் முடியாது என்ற நம்பிக்கையில். ஹாரி தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் போகிறான். பிச்சைக்காரர்களுக்கு ஊன வேஷம் கட்டி அனுப்புகிறவன் ஒருவன், கள்ளப் பத்திரம் தயாரிப்பவன் ஒருவன், ஆற்றங்கரையில் கடத்தல் சரக்கு விற்கும் அம்மாள் ஒருத்தி. ஒருவரும் தரவில்லை. கடைசியில் ஹெலனே ரகசியமாக 200 தருகிறாள், கணவன் வாங்கித் தந்த ரோமச் சால்வையை விற்று. அவளுக்குப் புருஷனை விட்டுப் போய்த் தனியாக விடுதி வைக்க வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஹாரி அவளுக்குக் கள்ள லைசென்ஸ் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்கிறான். இப்படி ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பவுண்டு, ஷில்லிங்கில் எடை போடுகிறார்கள். கடைசியில் ஹாரியின் தலைக்கே விலை வைக்கப்படுகிறது. அது 1000 பவுண்டு. உயிரோடு இருந்து 400 புரட்ட முடியாதவன், பிணமானால் 1000 பெறுவான்.

மனசு ஒட்டும்படியாக ஆளே இல்லை என்பவர்கள் இந்தக் கடன் கேட்கும் காட்சிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விட்மார்க் 1947 இல் 'கிஸ் ஆஃப் டெத்' படத்தில் ஒரு கிழவியைச் சக்கர நாற்காலியோடு மாடிப்படியில் உருட்டிவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பால் பெயர் வாங்கியவர். இதிலும் சிரிக்கிறார், ஆனால் அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கிப்போகிறது. உள்ளே போகும்போது முழுச் சிரிப்பு, வெளியே வரும்போது உதடு மட்டும் இழுத்தபடி இருக்கும். மேரியிடம் அவன் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நான் ஒரு ஆளாகணும். தமிழில் அந்த வார்த்தைக்கு உள்ள கனம் வேறு எந்த மொழியிலும் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். 'பையன் டெல்லி போய் ஆளாயிட்டான்', 'பம்பாய் போயும் ஆளாகல'. நம் குடும்பங்களில் யாரைப் பற்றியும் கடைசித் தீர்ப்பு இந்த வார்த்தையில்தான் எழுதப்படுகிறது.

சரி, நல்லவன் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். கிரகோரியஸ் கிழவர்தான். இதற்கு நான் என் பாட்டியாலா வாசத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை நிமித்தம் 1978 முதல் ஐந்து வருடம் பாட்டியாலாவில் இருந்தேன். அப்போது அங்கே விரல் விட்டு எண்ணும்படியான தமிழ்க் குடும்பங்கள்தான். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர், பஞ்சாபி, சாயங்காலமானால் கயிற்றுக் கட்டிலை வெளியே போட்டு உட்கார்ந்திருப்பார். இளமையில் அகாடாவில் மண் மிதித்தவர், காது இரண்டும் மல்லர்களுக்கே உரிய விதத்தில் மடிந்து போயிருக்கும். என்னை "மதராசி பாபு" என்பார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: 1928 இல், மகாராஜா காலத்தில், இதே பாட்டியாலாவில் காமா பயில்வானுக்கும் ஸ்பிஷ்கோ என்ற வெள்ளைக்கார மல்லனுக்கும் குஸ்தி நடந்தது. தூர தூர ஊர்களிலிருந்து ஜனம் வந்து குவிந்ததாம். ஒரு நிமிடம் ஆவதற்குள் காமா அவனைச் சாய்த்துவிட்டார். "உட்கார இடம் தேடிக்கிட்டு இருந்தவன் எல்லாம் குஸ்தியப் பார்க்கவே இல்ல பாபு" என்று சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அவர் நேரில் பார்த்தாரா, கேட்ட கதையா என்று நான் கேட்டதில்லை.

பிறகு நான் டெல்லிக்கு மாற்றலாகி வந்து, பிள்ளைகள் படித்து, நான் ஓய்வு பெற்று, மகன் வாங்கி வந்த டிவிடியில் இந்தப் படத்தை முதல் முறை பார்க்கிறேன். தொடக்கத்தில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ என்று வருகிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் போலந்துக்கார மல்லர்தான் கிரகோரியஸ். காமாவிடம் பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் தோற்ற அதே ஆள், எழுபது வயதை ஒட்டிய உடம்போடு, நிஜமான மல்லரின் தடித்த கழுத்தோடும் மடிந்த காதோடும் திரையில் நிற்கிறார்.

அவருடைய முழு வரலாற்றையும் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் அந்த வேடம் இன்னும் ஆழப்படுகிறது. 1910 செப்டம்பரில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் காமாவும் ஸ்பிஷ்கோவும் முதல் முறை மோதினார்கள். தொடங்கிய சற்று நேரத்தில் காமா அவரைக் கீழே வீழ்த்திவிட்டார். ஸ்பிஷ்கோ எழவே இல்லை. குப்புறப் படுத்துக்கொண்டு, புரட்ட விடாமல், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தற்காத்துக்கொண்டே கிடந்தார். பந்தயம் முடிவில்லாமல் நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபந்தயத்துக்கு அவர் வரவே இல்லை. பட்டம் காமாவுக்குப் போயிற்று. அப்புறம் அமெரிக்காவில் மல்யுத்தம் முன்கூட்டியே முடிவு பேசிவைத்துக்கொண்டு ஆடும் வியாபாரமாக மாறிய காலத்தில், 1925 இல், வேய்ன் மன் என்ற சாம்பியனிடம் தோற்பதாக ஒப்புக்கொண்டு மேடையேறிய ஸ்பிஷ்கோ, திடீரென்று நிஜமாகவே மல்லுக்கு நின்று அவரைப் பிடித்து அழுத்திவிட்டார். எதிரணி வியாபாரிகளின் ஏற்பாடு பின்னால் இருந்தது என்பார்கள், ஆகவே அதைத் தர்ம யுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பொய் ஆட்டத்துக்கும் மெய் ஆட்டத்துக்கும் நடுவிலுள்ள கோட்டின் இரண்டு பக்கமும் நின்று பார்த்த மனிதர் அவர். நாற்பது வருடத்துக்கு முன் குப்புறப் படுத்துக் கிடந்த அதே லண்டன் ஊரில், ஒரு திரைப்படத்துக்காக, பொய் மல்யுத்தத்தை வெறுக்கும் கிழவராக நடிக்கிறார். டாசினுக்கு இதில் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. திரையில் அந்த உடம்பு இருக்கிறது, போதும்.

அந்தக் குஸ்திக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஹாரி ஏற்பாடு செய்யும் பந்தயத்துக்காக வரவழைத்த 'ஸ்ட்ராங்ளர்' என்ற முரடன் (மைக் மசுர்கி, அவரும் நிஜ மல்லரே) குடித்துவிட்டு வந்து கிழவரைச் சீண்டுகிறான். கிழவரின் சீடனுக்குக் கை முறிகிறது. கிழவரே மேடை ஏறுகிறார். டிக்கெட் வாங்கிய ஜனம் இல்லை, மணி இல்லை, நடுவர் இல்லை. இரண்டு கனத்த உடம்புகள், மூச்சிரைப்பு, வியர்வை. அதில் கரணம் கிடையாது, தாவல் கிடையாது. இறுக்கிப் பிடிப்பது, விடுபடுவது, மறுபடி இறுக்கிப் பிடிப்பது. பார்க்கிற நமக்கே விலா வலிக்கும். கிழவர் ஜெயிக்கிறார். ஜெயித்த சற்று நேரத்தில் மகனின் அருகிலேயே இறந்தும் போகிறார். அதுவரை கல்லாக இருந்த கிறிஸ்டோ (ஹெர்பர்ட் லோம் என்ன நடிப்பு!) குழந்தை போல உடைகிறான்.

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹாரி வாழ்நாள் முழுவதும் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மதிப்பு இருந்தது: பழைய மல்யுத்தத்தை மீட்கப்போகிறேன் என்பது. அவன் அதைப் பணத்துக்காகத்தான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டவர் நம்பினார், அவர் நம்பியதால் கொஞ்ச நாள் அது நிஜமாகவே ஆயிற்று, ஒரு கூடம் வந்தது, அதில் நேர்மையான பயிற்சி நடந்தது. பொய்யில் பிறந்த அந்த நிஜத்தைக் காப்பாற்றத்தான் கிழவர் உயிரைக் கொடுத்தார். மனசு ஒட்ட ஆளில்லை என்று எழுதியவர்கள் கதாநாயகன் முகத்திலேயே நல்லதைத் தேடியிருக்கிறார்கள். இந்தப் படத்தில் அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஹாரி அதைத் தொட்டான், தொட்ட கையாலேயே கெடுத்தான்.

அடுத்தது லண்டன்காரர்களின் புகார். இது எங்கள் லண்டன் இல்லை என்றார்களே, ரொம்ப சரி. அவர்கள் லண்டன் இல்லைதான். ஹாரியும் மேரியும் அமெரிக்கர்கள். கிறிஸ்டோவும் அவன் அப்பாவும் கிரேக்கர்கள். அந்த அப்பா வேடத்தில் போலந்துக்காரர். மகன் வேடத்தில் நடித்த லோம் பிராகில் பிறந்தவர். ஒளிப்பதிவாளர் மாக்ஸ் கிரீன் ஜெர்மனியிலிருந்து வந்தவர், மூட்ஸ் கிரீன்பாம் என்பது அவருடைய இயற்பெயர். வந்தேறிகள் பார்த்த லண்டன் இது. நாம் கரோல் பாக்கையும் மாதுங்காவையும் பார்த்த பார்வைக்கும் அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர் பார்க்கும் பார்வைக்கும் வித்தியாசம் இல்லையா? பிழைக்க வந்தவனுக்கு ஊர் என்பது கடன் கேட்கக்கூடிய வாசல்களும் ஒளியக்கூடிய சந்துகளும்தான். போர்க்குண்டு விழுந்த இடிபாடுகள் இன்னும் அள்ளப்படாத 1949 இன் லண்டன், ரேஷன் தீராத லண்டன். அந்த இடிபாடுகளுக்கு நடுவில் இரவெல்லாம் ஹாரி ஓடுகிறான். இதே விமர்சகர்கள் அதற்கு முந்தைய ஆண்டு கரோல் ரீடின் 'தி தேர்ட் மேன்' படத்தில் இடிந்து கிடந்த வியன்னாவைப் பார்த்து மெய்சிலிர்த்தார்கள். அடுத்தவன் ஊர் இடிந்து கிடந்தால் கவிதை, நம் ஊர் இடிந்து கிடந்தால் அவதூறு. நானும் சென்னையைப் பற்றி டெல்லிக்காரர் ஒருவர் எழுதினால் இப்படித்தான் துள்ளுவேன், அது வேறு விஷயம்.

ஓடுவது ஹாரி மட்டுமல்ல. டாசினும் அப்போது ஓடிக்கொண்டிருந்தார். இளமையில் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். ஹாலிவுட்டில் இடதுசாரிகளை வேட்டையாடிய காலம் அது. ஸ்டுடியோ தலைவர் டாரில் ஜானக், டாசினை லண்டனுக்கு அனுப்பி, செலவு கூடிய காட்சிகளை முதலில் எடுத்துவிடு, பாதியில் நிறுத்த ஸ்டுடியோவுக்கு மனசு வராது என்று யோசனையும் சொல்லி அனுப்பினாராம். படம் எடுத்த பிறகு எடிட்டிங்கையும் இசையையும் உடன் இருந்து கவனிக்க டாசினால் முடியவில்லை. 1951 இல் சக இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் விசாரணைக் குழு முன் அவர் பெயரைச் சொன்னார். அதோடு அமெரிக்காவில் வேலை போயிற்று. ஐரோப்பாவில் சில வருடம் சும்மா இருந்து, 1955 இல் பாரிசில் 'ரிஃபிஃபி' எடுத்துத்தான் மறுபடி தலை நிமிர்ந்தார். 2008 இல் ஏதென்சில் காலமானார். தெரிந்தவன் ஒவ்வொருவனும் கதவைச் சாத்துகிற, தஞ்சம் தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் போன் போடுகிற அந்தக் கடைசி அரைமணி நேரத்தை, அப்படி ஒரு மனநிலையில் இருந்தவரைத் தவிர வேறொருவர் எடுத்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

குறை இல்லாத படம் என்று வாதாட மாட்டேன். மேரியின் மாடியில் குடியிருக்கும் ஆடம் என்கிற பொம்மை வடிவமைப்பாளர் எதற்கு வருகிறார் என்பது கடைசிவரை புரியாது. நல்ல பிள்ளை ஒன்று இருக்கட்டும் என்று யாரோ சொல்லிச் சேர்த்தது போல இருக்கும். ஜீன் டியர்னி அப்போது மனநலம் குன்றியிருந்தார், வேலை கொடுத்தால் தேறுவார் என்று ஜானக் கேட்டுக்கொண்டதால் அந்த வேடம் சேர்க்கப்பட்டதாக டாசின் சொல்லியிருக்கிறார். பரிவான காரியம், ஆனால் வேடம் மெலிவாகத்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய நடிகைக்கு அழுவதையும் காத்திருப்பதையும் தவிர வேலை இல்லை. 1992 இல் ராபர்ட் டி நீரோவை வைத்து நியூயார்க்கில் இதைத் திரும்ப எடுத்தார்கள், மல்யுத்தத்துக்குப் பதில் குத்துச்சண்டை, தரகனுக்குப் பதில் வக்கீல். பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இவ்வளவு எழுதிய பிறகு, இந்தப் படம் எனக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு தம்பி இருந்தான், மதுரைப் பக்கத்துக்காரன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்க மாட்டான். எப்போது வந்தாலும் புதுத் திட்டம் ஒன்று. "அண்ணே, ஊறுகாய் மொத்த வியாபாரம்ணே, ஆஸ்பத்திரி கேன்டீன் வரைக்கும் பேசிட்டேன்." அடுத்த தடவை வீடியோ கேசட் வாடகைக் கடை. தீபாவளிக்கு அவன்தான் எல்லா வீட்டுக்கும் முறுக்கு அச்சு வாங்கி வந்து கொடுப்பான், லாபம் வைக்காமல். ஒரு வருடம் கோடை விடுமுறைக்கு ராமேஸ்வரம், கன்னியாகுமரிக்குத் தனிப் பஸ் ஏற்பாடு செய்வதாக எங்கள் குடியிருப்பில் பதினொரு குடும்பங்களிடம் முன்பணம் வாங்கினான். பஸ் வரவில்லை. புறப்படும் தேதிக்கு முதல் நாளே அவனும் ஊரில் இல்லை. பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து அவன் பேச்சு வந்தாலே "ஃப்ராடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

க்ரௌதர் ஹாரியைப் பற்றிச் சொன்னதும், நான் அவனைப் பற்றிச் சொன்னதும் ஒரே விமர்சனம் என்பது எனக்கு இந்தப் படத்தின் முடிவைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. விடியப்போகிறது. ஹாரி ஆற்றங்கரையில் அந்தக் கடத்தல்கார அம்மாளின் குடிசையில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறான். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தானே இருந்தது என்று புலம்புகிறான். மேரி தேடி வருகிறாள். அவளிடமிருந்து அவன் திருடாத பொருள் இல்லை. அப்போது அவனுக்குக் கடைசியாக ஒரு திட்டம் தோன்றுகிறது, வாழ்நாளில் முதல் முறையாகத் தனக்கென்று இல்லாத திட்டம். தலைக்கு 1000 பவுண்டு விலை இருக்கிறது அல்லவா, அது மேரிக்குப் போகட்டும். ஹாமர்ஸ்மித் பாலத்தில் கிறிஸ்டோ நிற்கிறான். அவன் காதில் விழும்படி, இவள்தான் என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று கத்திக்கொண்டே வெட்டவெளியில் ஓடுகிறான். நல்லது செய்வதற்கும் அவனுக்குப் பொய்தான் தெரியும். ஸ்ட்ராங்ளர் பிடித்துக் கழுத்தை நெரித்துத் தேம்ஸில் போடுகிறான். அந்தப் பணம் மேரி கைக்கு வந்ததாகப் படம் காட்டவில்லை. கிறிஸ்டோ சிகரெட்டை ஆற்றில் சுண்டிவிட்டுப் போகிறான்.

பஸ் வராத நாளுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பத்து மணிக்கு மேல் அந்தத் தம்பி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். மறுபடி பணம் கேட்க வந்திருப்பான் என்று நினைத்து, "நான் தூங்கிட்டேன்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்துக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணன் தூங்கிட்டாரா, பரவால்ல அண்ணி" என்றான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். எதற்கு வந்தான் என்பதை அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு படம் முடிந்ததும் மனைவிதான் முதலில் அவனை ஞாபகப்படுத்தினாள். "அன்னிக்கு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சான், தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. ஒரு சொம்பு என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்கப் பிரதி, பிரிட்டிஷ் பிரதி என்று இரண்டு உண்டு. முன்னது 96 நிமிடம், ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் இசை. பின்னது 101 நிமிடம், பெஞ்சமின் ஃபிராங்கல் இசை. முதலில் அமெரிக்கப் பிரதியைப் பாருங்கள். டிவிடி என்னிடம் இருக்கிறது, சங்க நூலகத்தில் சொல்லி வைத்தால் கொண்டு வந்து தருகிறேன். காபிக்குப் போன அந்த மூத்த அன்பர் கேட்டால் அவருக்குத்தான் முதலில்.